ஒயர் போச்சு, சுவிட்ச் யார் கையில்?

(கூடுவாஞ்சேரியில் மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கூப்பிட வந்த தம்பி, 'ஊடகமும் தலித் அரசியலும்' என்று பேசச் சொன்னார். அதைப் பேசப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் கம்பம் ஏறியவன். 1994-ல் இந்தக் கூடுவாஞ்சேரியில் ஒரு கேபிள்காரரிடம் ஒயர் இழுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கும் என் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் டிவியின் முன்பக்கத்தைப் பார்த்தவர்கள். நான் முப்பது வருஷமாகப் பின்பக்கத்தைப் பார்த்தவன். அந்தத் தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

இப்போது கேபிள் செத்துக்கொண்டிருக்கிறது. செல்போனிலும் ஸ்மார்ட் டிவியிலும் அவரவருக்கு வேண்டியதை அவரவர் வேண்டிய நேரத்தில் பார்க்கிறார்கள். இது ஒடுக்கப்பட்ட நமக்கு விடுதலையா, அல்லது வேறு மாதிரியான கட்டா? இந்த ஒரு கேள்விதான் இன்றைக்கு. பிழைப்பு போகிற ஆத்திரத்தில் இந்த ஆள் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். பிழைப்பும்தான் போகிறது. அதையும் சொல்கிறேன்.

ஒயர் வருவதற்கு முன்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். 1987-ல் எனக்கு பதிமூன்று வயது. ஊர்த்தெருவில் பஞ்சாயத்து டிவி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ராமாயணம். இந்தி ஒரு எழுத்து தெரியாது, ஆனாலும் போவோம். ஊர்ப் பிள்ளைகள் உள்ளே பாயில் உட்காருவார்கள். நாங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம். அது பஞ்சாயத்துப் பணத்தில், அதாவது நம் அப்பன் ஆத்தாள் கட்டிய வரியிலும் வாங்கிய பெட்டி. ஆனால் கதவுக்குள்ளே அவர்கள், சன்னலுக்கு வெளியே நாம். இந்த நாட்டில் தொலைக்காட்சி பொதுச்சொத்தாக இருந்த காலம் ஒன்று உண்டு என்று படித்தவர்கள் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். பொது என்பதற்குள்ளேயும் சன்னல் கம்பி இருந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆகணும்.

அப்புறம் 1991 வளைகுடாப் போர். போரை நேரடியாகக் காட்டுகிறான் என்று ஓட்டல்களில் மொட்டை மாடியில் குடை டிஷ் வைத்தார்கள். அந்த வருஷமே ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14-ம் தேதி சன் டிவி தொடங்கியது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். அவர்களுக்கு அது தமிழ்ப் புத்தாண்டு. நமக்கு அண்ணல் பிறந்த நாள். ஒரே நாள், இரண்டு காலண்டர். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரல் 14-க்கும் நாம் கொடியேற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால் டிவியில் பட்டிமன்றமும் நடிகர் பேட்டியும் ஓடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1994-ல்தான் காரணை நடந்தது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய நம் மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரை விட்டார்கள். அந்தச் செய்தியை எனக்குச் சொன்னது செங்கல்பட்டிலிருந்து பஸ்சில் வந்த ஒரு பெரியவர். அன்றைக்கு ராத்திரி பத்து வீட்டில் ரிப்பேர் பார்த்தேன். பத்து வீட்டு டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிவியிலும் அந்தச் செய்தியை நான் பார்க்கவில்லை. ஒயரை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போகிறவன் நான். என் ஜனங்கள் செத்த செய்தி அந்த ஒயரில் வரவில்லை. டிவியின் பின்பக்கத்தைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

*

ஒயர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். கன்ட்ரோல் ரூமிலிருந்து சிக்னல் கிளம்பும். ஒயரில் ஓட ஓட அது பலம் குறையும். அதனால் இடையிடையே ஆம்ப்ளிஃபயர் வைத்து ஏற்ற வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு கரண்ட் வேண்டும். பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து எடுப்போம். அந்த வீட்டுக்கு கேபிள் இலவசம்.

காலனிக்குப் போகிற லைனுக்கு ஊர் முடிகிற இடத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது. கடைசி நாலு வீட்டிலும் கேட்டேன். அந்த வீடுகளில் ஏற்கனவே இருந்த ஆம்ப்ளிஃபயருக்கு கரண்ட் கொடுத்தவர்கள்தான். இது எந்தப் பக்கம் போகிற லைன் என்று தெரிந்ததும் ஒருவரும் கொடுக்கவில்லை. 'இலவசம் வேணாம்பா, நாங்க காசு குடுத்தே பாத்துக்கறோம்' என்றார்கள். முதலாளியும் 'அந்தப் பக்கம் இருக்கறது இருபது கனெக்ஷன், உடுடா' என்று சொல்லிவிட்டார். அதனால் காலனிக்குப் படம் போகும், ஆனால் புள்ளி புள்ளியாகப் போகும். 'இன்னா நைனா, எங்க டிவியில மட்டும் மழ பேயுது?' என்று சனங்கள் கேட்பார்கள். அது மழை இல்லை பெரியம்மா, சாதி என்று எப்படிச் சொல்வது? கடைசியில் என் அம்மா வீட்டுக் கூரைக்குக் கீழே நானே ஒரு ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன். அரைகுறையாகத் தெரிந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். ஊர்த்தெருவில் எங்கள் ஆட்கள் திண்ணையைத் தாண்டிப் போனதில்லை. டிவி எங்கே இருக்கும்? நடுவீட்டில். படம் வரவில்லை என்றால் ஒயர்காரன் நடுவீட்டுக்குள் வந்துதானே ஆகணும்? சாயங்காலம் சீரியல் நேரத்தில் படம் நின்றால் அந்த வீட்டம்மாவே 'சீக்கிரம் உள்ள வாப்பா' என்று கூப்பிடுவார். நான் போன பிறகு அந்த இடத்தைத் துடைத்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது. ஆனால் போனேன். நூறு வீட்டு நடுக்கூடத்துக்குள் போன முதல் சேரிக்காரன் நானாகத்தான் இருப்பேன். கோயிலுக்குள் விடாதவர்களை டிவி பணிய வைத்தது. ஒயருக்குச் சாதி கிடையாது. ஒயரைப் பிடித்திருந்த கைகளுக்குத்தான் சாதி.

அதைவிட முக்கியமான விஷயம், ஊருக்கும் சேரிக்கும் அது ஒரே ஒயர். அங்கே என்ன ஓடுகிறதோ அதுதான் இங்கேயும். புள்ளி புள்ளியாக வந்தாலும் அதே படம், அதே செய்தி. மறுநாள் டீக்கடையில், ரயிலில் அதைப் பற்றிச் சண்டை போடலாம். நான் இதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. இப்போதுதான் தெரிகிறது.

சரி, ஒரே ஒயர் என்றால் நம் குரலும் அதில் போகுமா? போய்ப் பார்த்தோம். 1998 ஏப்ரலில். அப்போது ஒவ்வொரு கேபிள்காரரும் ஒரு லோக்கல் சேனல் வைத்திருப்பார்கள். ஒரு வீடியோ டெக், ஒரு மாடுலேட்டர், அவ்வளவுதான் செலவு. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதில் ஓடும். அண்ணல் பிறந்த நாள் ஊர்வலத்தை நம் பையன் ஒருவன் வாடகை கேமராவில் எடுத்திருந்தான். பறையடித்துக்கொண்டு பெண்கள் முன்னால் வருகிற ஊர்வலம். முதலாளி இல்லாத நேரம் பார்த்து அந்த கேசட்டை நான் போட்டேன்.

எங்கள் காலனியே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டது. தன் முகம் டிவியில் தெரிவதைப் பார்த்து என் பெரியம்மா அழுதார். எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம். ஊர்த்தெருவிலிருந்து நாலு பேர் கன்ட்ரோல் ரூமுக்கு வந்துவிட்டார்கள். 'இத எங்க வூட்டுப் பொம்பளைங்க பாக்கணுமா?' என்று கேட்டார்கள். முதலாளி ஓடி வந்தார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். எல்லா வீட்டிலும் டிவி இருண்டது. கேசட்டை எடுத்த பிறகு சுவிட்சைப் போட்டார். எனக்கு ஒரு மாதம் வேலை இல்லை.

தோழர்களே, இந்த ஊடக அரசியல் முழுவதும் அந்தச் சுவிட்சுக்குள் இருக்கிறது. யார் படம் எடுக்கிறான், யார் நடிக்கிறான், யார் பார்க்கிறான் என்பதெல்லாம் அப்புறம். அணைக்கிற சுவிட்ச் யார் கையில்? இதை மனசில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

*

2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. இலவச கலர் டிவி கொடுத்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள். உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. குடிசைக்கு டிவி எதற்கு என்று நக்கல் செய்தவர்கள் யாருடைய வீட்டிலும் அப்போது டிவி இல்லாமல் இல்லை. எங்கள் காலனியில் அந்த டிவி வந்த பிறகுதான் அடுத்த வீட்டு வாசலில் பிள்ளைகள் நிற்பது நின்றது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிவி இலவசம், ஒயருக்குக் காசு. அந்த ஒயரில் பெரும்பகுதி யாருடையது என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். சன் குடும்பத்திடம் சேனலும் இருந்தது, சுமங்கலி கேபிளும் இருந்தது, 2007-லிருந்து சன் டைரக்ட்டும் இருந்தது.

2007-ல் அந்தக் குடும்பத்துக்குள் சண்டை வந்தது. அரசு கேபிள் டிவி நிறுவனம் பிறந்தது. 2008 கடைசியில் குடும்பம் சமரசமானது. அரசு கேபிள் படுத்துக்கொண்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் ஜெயலலிதா அதை எழுப்பினார். மாதக் கட்டணம் 70 ரூபாய். நம் சனங்களுக்கு அது பெரிய உதவி. எனக்கும் உதவி. பெரிய கேபிள்காரரிடம் கைகட்டி நிற்காமல் நேராக அரசிடம் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆனது. 2012-ல் நான் கடன் வாங்கி 210 கனெக்ஷனுக்குச் சொந்தமாக கேபிள்காரன் ஆனேன். காலனியில் ஆரம்பித்து ஊர்த்தெருவில் பாதி வரைக்கும் என் ஒயர். அன்றைக்குச் சுவிட்ச் என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நினைப்பு அஞ்சு வருஷம்கூட நிற்கவில்லை. டிஜிட்டல் வந்தது.

சென்னையில் 2003 செப்டம்பரிலேயே கட்டண சேனலுக்குப் பெட்டி வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். பெருநகரங்களில் எல்லாச் சேனலும் டிஜிட்டல் ஆகணும் என்று 2012-ல் கெடு வைத்தார்கள். நம்ம மாதிரி ஊர்களுக்கான கெடு 2017 மார்ச்சில் முடிந்தது. அந்த வருஷம் அரசு கேபிளும் டிஜிட்டல் உரிமம் வாங்கி செட்டாப் பாக்ஸ் கொடுத்தது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. புள்ளி போனது, மழை போனது. ஊருக்கும் சேரிக்கும் ஒரே தரம். ஆம்ப்ளிஃபயருக்காகக் கெஞ்சிய எனக்கு அது எப்படி இருந்திருக்கும்? சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் டிஜிட்டல் என்பதற்குப் பின்பக்கம் ஒன்று உண்டு. பழைய ஒயரில் எது ஓடினாலும் செருகினால் படம் வரும். டிஜிட்டலில் படம் பூட்டி வரும். பூட்டைத் திறக்கிற சாவி பெட்டிக்குள் இருக்கிற கார்டில் இருக்கிறது. அந்தக் கார்டை எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டர் திறக்கும், மூடும். முன்பு என் தெருவில் கூலி வேலை செய்யும் ஒரு அம்மா, 'தம்பி, நடவு முடியட்டும்பா, மூணு மாசத்துக்கும் சேத்துக் குடுத்துடறேன்' என்பார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். டிவி ஓடும். இப்போது முன்பணம் கட்டினால்தான் பெட்டி திறக்கும். நான் இரக்கப்பட்டாலும் கம்ப்யூட்டர் இரக்கப்படாது. ஏழைக்கு இருந்த கடன் என்கிற வசதியை டிஜிட்டல் எடுத்துவிட்டது.

2019 பிப்ரவரியில் டிராய் புதிய கட்டண முறை கொண்டுவந்தது. பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. நூறு சேனல் வரைக்கும் இணைப்புக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டண சேனலுக்குத் தனியாக. 70 ரூபாயில் பார்த்த பழைய காலம் முடிந்தது. 2022 நவம்பரில் மென்பொருள் கொடுத்த தனியார் தரப்போடு தகராறு வந்து அரசு கேபிள் பெட்டிகள் பல மாவட்டங்களில் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் நின்றன. ஒயர் நன்றாக இருந்தது. கரண்ட் இருந்தது. பெட்டி மட்டும் இருண்டது. 1998-ல் என் முதலாளி சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார், போய்ச் சட்டையைப் பிடிக்கவாவது ஒரு ஆள் இருந்தார். இப்போது யார் சட்டையைப் பிடிப்பது?

*

அடுத்து செல்போன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. 2020 ஊரடங்கில் தியேட்டர் மூடிக் கிடந்தபோது படங்கள் நேராக ஓ.டி.டி.க்கு வந்தன. ஒயர் வேண்டாம், கம்பம் வேண்டாம், கேபிள்காரன் வேண்டாம். டிஜிட்டல் கேபிள் கம்பெனிகளின் கூட்டமைப்பு 2025-ல் வெளியிட்ட அறிக்கையில், நாடு முழுக்கக் கட்டணம் கட்டி டிவி பார்க்கிற வீடுகள் 2018-ல் 15 கோடியே 10 லட்சம், 2024-ல் 11 கோடியே 10 லட்சம் என்று சொல்கிறார்கள். லட்சத்துக்கு மேல் ஆட்களுக்கு வேலை போயிருக்கிறது என்றும் அதில் இருக்கிறது. அந்த லட்சத்தில் கம்பம் ஏறியவர்கள், வீடு வீடாக வசூலுக்குப் போனவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று ஒரு அறிக்கையும் கணக்கு எடுக்காது. என் 210-ல் இன்றைக்கு மிச்சம் 64.

ஆனால் இந்த மாற்றத்தில் நமக்குக் கிடைத்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அண்ணல் அம்பேத்கர் பற்றி ஜப்பார் பட்டேல் எடுத்த படம் 2000-ல் வந்தது. அது தமிழ் பேசி தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு வர 2010 டிசம்பர் ஆனது. பத்து வருஷம்! 2017-ல் திவ்யபாரதி, கையால் மலம் அள்ளுகிறவர்களைப் பற்றி 'கக்கூஸ்' எடுத்தார். பல இடங்களில் போலீஸ் திரையிட விடவில்லை. யூடியூபில் ஏற்றினார், உலகமே பார்த்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடியதை எந்தக் கேபிள் முதலாளியின் அனுமதியும் இல்லாமல் நம் பிள்ளைகள் செல்போனில் கேட்டார்கள். 2021 நவம்பர் 2-ல் 'ஜெய் பீம்' ஒரே ராத்திரியில் வீட்டுக்கு வந்தது. 2022-ல் 'சேத்துமான்' ஓ.டி.டி.யில் நேராக வந்தது. பன்றிக்கறியைச் சுற்றி நடக்கிற கதையை எந்தச் சேனல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடும்? 1998-ல் பத்து நிமிஷத்தில் அணைக்கப்பட்ட என் கேசட்டு இன்றைக்கு என்றால் அந்தப் பையன் போனிலிருந்தே ஏற்றிவிடுவான். ஊர்த்தெரு முதலாளியின் சுவிட்ச் உடைந்துவிட்டது. அதற்காக நான் கண்ணீர் விட மாட்டேன்.

அப்படியானால் பிரச்சினை என்ன? மூன்று சொல்கிறேன்.

ஒன்று, உடைமை. 2018-ல் ரிலையன்ஸ் டென், ஹாத்வே என்ற இரண்டு பெரிய கேபிள் கம்பெனிகளைக் கையில் எடுத்தது. ஜியோ ஏற்கனவே அவர்களுடையது. 2024 நவம்பரில் ஸ்டார் நிறுவனத்தோடு இணைப்பு முடிந்தது. ஸ்டார் விஜயும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரைக்குள் வந்தன. 2025 பிப்ரவரியில் ஜியோ ஹாட்ஸ்டார் என்று ஒரே செயலி. ஒயரும் அவர்கள், காற்றும் அவர்கள், சேனலும் அவர்கள், செயலியும் அவர்கள். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தப் பொதுவில் நமக்குப் பங்கு வந்திருக்கிறது? 1996-ல் பி.என்.உன்யால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று எழுதினார். இருபத்து மூன்று வருஷம் கழித்து 2019-ல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் எண்ணிப் பார்த்தார்கள். தாங்கள் ஆராய்ந்த ஊடகங்களில் 121 தலைமைப் பதவிகள். 106-ல் உயர்சாதியினர். தலித்தும் பழங்குடியும் ஒருவர்கூட இல்லை. எண்ணிப் பார்த்ததில் இணையச் செய்தித் தளங்களும் உண்டு. தொழில்நுட்பம் மாறினால் சாதி தானாகப் போய்விடும் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இரண்டு, இதுதான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது. செல்போன் நாம் பார்த்ததை வைத்து அடுத்ததைக் காட்டுகிறது. நம் பையன் அம்பேத்கர் பேச்சைப் பார்த்தால் இன்னும் நாலு அம்பேத்கர் வரும். நல்லதுதானே என்பீர்கள். ஊர்த்தெருப் பையன் 'ஆண்ட பரம்பரை' என்று அரிவாளோடு வருகிற ஒரு துண்டுப் படத்தைப் பார்க்கிறான். அவனுக்கு அதிலேயே நானூறு வரும். இரண்டு பேரும் காலையில் ஒரே தாம்பரம் வண்டியில் ஏறுகிறார்கள், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். காதில் ஒயர். இவன் என்ன பார்க்கிறான் என்று அவனுக்குத் தெரியாது, அவன் என்ன பார்க்கிறான் என்று இவனுக்குத் தெரியாது. தெரிகிற அன்றைக்கு வெட்டுக்குத்து. என் ஒரே ஒயர் ஊரையும் சேரியையும் ஒரு படத்தின் முன்னால் உட்கார வைத்தது. 'இத எங்க வூட்டுப் பொம்பளைங்க பாக்கணுமா' என்று அந்த நாலு பேர் கோபமாக வந்தார்களே, ஏன்? நம் ஊர்வலம் அவர்கள் நடுவீட்டுக்குள் போனது. அந்தக் கோபம்தான் நமக்கு வெற்றி. இன்றைக்கு அதே ஊர்வலத்தை நாம் ஏற்றினால் நாமே பார்த்து, நாமே கைதட்டி, நாமே பகிர்ந்துகொள்கிறோம். அவர்கள் வீட்டுக்குள் அது போகவே இல்லை. கம்பெனி நம் செல்போனுக்குள் புதிதாக ஒரு ஊரும் ஒரு சேரியும் கட்டிக் கொடுத்திருக்கிறது. நாமும் வாடகை கட்டிக் குடியிருக்கிறோம்.

மூன்று, கேட்டதைக் கொடுக்கும் என்கிறார்களே, யார் கேட்டால் கொடுக்கும்? 'ஜெய் பீம்' வந்த சமயம் ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற இருளர் குடியிருப்புக்குப் போனேன். படம் அவர்கள் கதை. 1993-ல் நடந்த காவல் நிலையக் கொலை வழக்கை வைத்து எடுத்தது. அங்கே ஒரு வீட்டிலும் அந்தச் செயலிக்குச் சந்தா இல்லை. என் அக்கா மகன் போனில் காட்டினான். ஒரு போன், இருபத்திரண்டு பேர். சத்தம் கேட்காமல் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். டேட்டா பாதியில் தீர்ந்தது. மீதியை மறுநாள் காட்டினான். அந்தப் படத்திலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு காட்சியில் சுவரில் இருந்த காலண்டருக்கு எதிர்ப்பு வந்தது. சில நாளில் அந்தக் காலண்டர் மாறிவிட்டது. மாற்றியது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. தியேட்டர் பிரிண்ட் என்றால், கேசட் என்றால், பழையது எங்கேயாவது இருக்கும். இதில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் மாறும். இன்றைக்குக் காலண்டரை மாற்ற முடிந்தால் நாளைக்குப் படத்தையே எடுத்துவிட முடியும். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று புரிகிறதா?

பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். டிவி வீட்டுக்குப் பொது. போன் ஆம்பிளை கையில். 2020-ல் பள்ளிக்கூடம் மூடியபோது ஆன்லைன் வகுப்பு என்றார்கள். நம் காலனியில் மூன்று பிள்ளைக்கு ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்போது கைகொடுத்தது கேபிளில் வந்த கல்வித் தொலைக்காட்சி. அந்த நாலு மாதம் யாரிடமும் நான் வசூலுக்குப் போகவில்லை, என் கையிலிருந்து கட்டி லைனை ஓட்டினேன். அந்த ஜூன் 1 அன்று கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு தலித் சிறுமி, வீட்டு டிவி பழுது, போனும் இல்லை என்ற துக்கத்தில் உயிரை விட்டாள். ஒயரைப் பற்றிப் பேசும்போது அந்தக் குழந்தையை மறக்கக் கூடாது.

*

என்ன செய்யலாம்? நம் முன்னோர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை போட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அண்ணல் 1920-ல் 'மூக்நாயக்' தொடங்கினார். அடுத்தவன் பத்திரிகையில் ஒரு பத்தி கிடைக்குமா என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இன்றைக்கு நாம் ஆளுக்கொரு யூடியூப் சேனல் வைத்துவிட்டோம். ஆனால் பத்திரிகை அவர்களுடையதாக இருந்தது. நம் அச்சகம் கம்பெனியுடையது. இந்த வித்தியாசத்தை மறந்தால் ஏமாந்து போவோம்.

அதனால் முதலில், நம்முடையதை நாமே சேமித்து வைக்க வேண்டும். நம் கூட்டம், ஊர்வலம், பெரியவர்கள் பேச்சு எல்லாவற்றையும் ஏற்றுங்கள், ஆனால் ஒரு பிரதி ஹார்டு டிஸ்க்கில் நம் கையில் இருக்கட்டும். 1998 ஊர்வலக் கேசட் என்னிடம் இல்லை. முதலாளி எடுத்துக்கொண்டு போனவர் திருப்பித் தரவில்லை. என் பெரியம்மா நடந்து வருகிற ஒரே படம் அதில்தான் இருந்தது.

அடுத்து, கூட்டாகப் பார்ப்பதை விடக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் ரசிகன் ஆவோம், சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு அரை மணி நேரம் சண்டை போட்டால்தான் இயக்கம் ஆவோம். இதற்கு ஊர்த்தெருப் பையன்களையும் கூப்பிடுங்கள். நாலு பேர் வரமாட்டான், ஒருத்தன் வருவான். அந்த ஒருத்தனுக்காகத்தான்.

மூன்றாவது, கேட்பது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அரசு கண்ணாடி இழைக் கம்பி இழுக்கிற திட்டம் இருக்கிறது. மக்கள் பணம். அந்தக் கம்பி ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் வரும். அங்கிருந்து வீட்டுக்கு யார் கொண்டுபோவது? காலனிக்குக் கடைசியில் தருவானா, முதலில் தருவானா? ஆம்ப்ளிஃபயர் கதை திரும்ப நடக்கக் கூடாது. அந்தக் கடைசி மைல் வேலையை வேலை இழந்த கேபிள் தொழிலாளர்களுக்கும், தலித் பெண்கள் குழுக்களுக்கும், இருளர் சங்கங்களுக்கும் கொடு என்று கேட்க வேண்டும். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் மக்கள் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892-ல் அரசாணை வந்து பஞ்சமி நிலம் கொடுக்கப்பட்டது. நிலம் இல்லாதவனுக்கு விடுதலை இல்லை என்று அன்றைக்கே புரிந்தது. கொடுத்த நிலம் எப்படிக் கைமாறியது என்பதற்குக் காரணை சாட்சி. இந்தக் காலத்தில் ஒயரும் அலையும் ஒரு வகை நிலம்தான். அதில் நமக்குப் பட்டா இல்லை. பார்க்கிற உரிமை மட்டும் போதும் என்று இருந்தால் திரும்பவும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்போம். கம்பி கொஞ்சம் பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக என் விஷயம். போன மாதம் பிராட்பேண்ட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். என் 64 கனெக்ஷனையும், கம்ப வழியையும், கன்ட்ரோல் ரூமையும் சேர்த்து விலை பேசினார். என் கடனை அடைக்கிற தொகை. வீட்டில் 'குடுத்துட்டு வேற வேல பாரு' என்கிறார்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கம்பம் ஏற முடியாது.

கனெக்ஷனைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த ரூமைக் கொடுக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அதனால் விலையைக் குறைத்தார். குறைத்துக்கொள்ளட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம். ஒரு பெரிய டிவி, இரண்டு ஸ்பீக்கர், நாற்பது பேர் தரையில் உட்காரலாம். சுவரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 1998-ல் அணைத்த சுவிட்ச் மாதிரியே பழைய கறுப்புச் சுவிட்ச்.

சாவி என்னிடம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.